ஏரி நிரம்பி நின்றால் வெள்ளம் எங்கே போகும்?

வாசகர் கேள்வி–பதில்

மழைக்காலம் நெருங்கினால் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி வெள்ளத்தைப் பற்றித்தான். இந்த இதழில், ஏரி, சதுப்பு, மண், செடி, மரம் இவற்றைக் கொண்டு வெள்ளத்தைச் சமாளிப்பது குறித்துக் கேட்டவர்களுக்கு மட்டும் பதில் தருகிறோம். நீர்வளப் பொறியியல், சூழலியல் துறைகளைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

● எங்கள் பகுதிப் பூங்காவில் பள்ளம் தோண்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, ‘ஸ்பாஞ்ச் பார்க்’ (பஞ்சுப் பூங்கா) என்று பலகை வைத்திருக்கிறார்கள். 2015 மாதிரி மழை வந்தால் இது தாங்குமா?
– குடியிருப்பவர், மேற்கு தாம்பரம்

தாங்காது. அப்படிப்பட்ட மழைக்காக அதை யாரும் கட்டவும் இல்லை.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர். பூங்காக் குளம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் ஜல்லி, மணல் பிடிக்கும் இடத்தைக் கழிக்காமலே கொள்ளளவு 3 லட்சம் லிட்டர்தான். சுற்றியுள்ள ஒரே ஒரு ஏக்கர் சிமென்ட் தரையின் தண்ணீரை மட்டும் வாங்கினாலும் ஏழரை செ.மீ. மழைக்குள் நிரம்பிவிடும்.

அதற்காக வீண் வேலை என்று தள்ளிவிட வேண்டாம். மூன்று, நான்கு செ.மீ. மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அந்தத் தொல்லையை இது குறைக்கும். நிலத்தடி நீரையும் ஏற்றும். சீனாவில் 2015-ல் 16 நகரங்களைத் தேர்ந்தெடுத்து ‘பஞ்சு நகர’ முன்னோடித் திட்டம் தொடங்கினார்கள். இலக்கு, பெய்யும் மழையில் 70 சதவீதத்தை உள்ளேயே பிடித்துவைப்பது. அது ஆண்டு முழுவதற்குமான கணக்கு. சின்ன மழைகளையெல்லாம் பிடித்துவிட்டாலே அந்தச் சதவீதம் வந்துவிடும். ஜெங்ஜோ நகரமும் இத்தகைய பணிகளுக்குப் பெருந்தொகை ஒதுக்கியிருந்தது. 2021 ஜூலை 20 அன்று அங்கே ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. கொட்டியது, சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து உயிர்கள் போயின. பஞ்சு எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் வரும் தண்ணீர் எந்த வழியில் போகும் என்பது தனியாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

மாநகராட்சியிடம் இதைக் கேளுங்கள்: எத்தனை சதுர மீட்டர் தரையின் நீர் இந்தப் பூங்காவுக்கு வருகிறது? நிரம்பினால் மிகுதி எங்கே வழியும்? நிரம்பிய பின் எத்தனை மணி நேரத்தில் காலியாகும்? வடகிழக்குப் பருவமழை ஒரு நாளோடு நிற்பதில்லை. 48 மணி நேரத்தில் காலியாகாத குளம் அடுத்த மழைக்கு இல்லாததற்குச் சமம்.

● எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்தின் ஓரமாகப் பத்து சதுர மீட்டர் இடம் இருக்கிறது. மழைத் தோட்டம் அமைக்கலாம் என்கிறார்கள். எப்படி அமைப்பது?
– பராமரிப்புக் குழு உறுப்பினர், கோவை

மழைத் தோட்டம் என்பது மழைநீரை வாங்கிச் சிறிது நேரம் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் பள்ளமான பாத்தி. முதலில் மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று பாருங்கள். ஓர் அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி நிறையத் தண்ணீர் விடுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, உள்ளே ஓர் அளவுகோலை நட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று குறியுங்கள். முதல் தடவையின் அளவு பயன்படாது. காய்ந்த மண் எப்போதும் கூடுதலாகக் குடிக்கும். மணிக்கு 25 மி.மீ. இறங்கினால் நல்லது. 10 மி.மீ.-க்கும் குறைவென்றால் களிமண். அடியில் துளையிட்ட 4 அங்குலக் குழாய் பதித்து வடிகாலில் சேர்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

கட்டட அடித்தளத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் தோண்டுங்கள். அடியில் 20 செ.மீ. உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி. அதன் மேல் ஒரு கைப்பிடி உயரத்துக்குப் பேபி ஜல்லி, மேல்மண் கீழே இறங்காமல் தாங்குவதற்கு. அதற்கு மேல் 60 செ.மீ. கலவை: பருமணல் ஆறு பங்கு, வண்டல் கலந்த தோட்ட மண் மூன்று பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. எரு கூடினால் ஒரே வருடத்தில் கலவை அமுங்கிவிடும். எல்லாம் முடிந்தபின் தோட்டத்தின் மேல்மட்டம் சுற்றியுள்ள தரையைவிட 15 செ.மீ. பள்ளமாக இருக்க வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. நம் ஊர்த் தோட்டக்காரர்களுக்குப் பாத்தி என்றால் மேடாகக் கட்டித்தான் பழக்கம். லாரி செம்மண் வாங்கி மேடு போட்டு, சுற்றிலும் செங்கல் விளிம்பு கட்டிவிடுவார்கள். தண்ணீர் அதைத் தொடாமலே சுற்றிக்கொண்டு போகும். செம்மண்ணில் உள்ள நுண்களியும் முதல் மழையிலேயே மேலே ஆடைபோலப் படிந்துவிடும். எம்-சாண்ட் போடுவதாக இருந்தால் கழுவிச் சலித்ததாக இருக்கட்டும்; அதிலுள்ள தூசு இதே வேலையைத்தான் செய்யும்.

தண்ணீர் நுழையும் இடத்தில் கைப்பந்து அளவுக் கற்களைப் பரப்புங்கள், மண் அரிக்காது. மிகுதி நீர் வழிய, 15 செ.மீ. உயரத்தில் வாய் வைத்த குழாயோ வெட்டோ கட்டாயம் வேண்டும். வாயில் குமிழ்போல வளைந்த கம்பிக் கூடை போடுங்கள். தட்டையான சல்லடை என்றால் இரண்டு வேப்பஞ்சருகு போதும் அடைத்துக்கொள்ள. நடுவில் வெட்டிவேர், கல்வாழை, கோரை, ஓரத்தில் எலுமிச்சைப்புல். முதல் கோடையில் இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

பத்து சதுர மீட்டரில் மேலே தேங்குவது 1,500 லிட்டர், கலவையின் இடுக்குகளில் ஏறக்குறைய 1,500, ஜல்லியில் 800. ஆக 3,800 லிட்டர். 100 சதுர மீட்டர் தளத்தில் பெய்யும் ஏறக்குறைய 4 செ.மீ. மழையை இது வாங்கிக்கொள்ளும். கட்டட வேலை நடக்கும்போது சிமென்ட் கழுவிய தண்ணீரை மட்டும் இதில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை விட்டால் தோண்டி மாற்றுவதைத் தவிர வழியில்லை.

● எங்கள் ஏரியைச் சீரமைக்கிறோம் என்று நான்கு புறமும் கரை எழுப்பி, நடைபாதை போட்டு, நடுவில் பறவைத் தீவும் அமைத்தார்கள். போன மழையில் ஏரி பாதிகூட நிறையவில்லை. ஆனால் மேற்குப் பக்கத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். ஏன் இப்படி?
– நலச்சங்கச் செயலர், தென்சென்னைப் புறநகர்

மேற்குப் பக்கம்தான் ஏரியின் வாய். அதைக் கரை போட்டு அடைத்துவிட்டார்கள்.

நம் ஏரி குளத்தைப்போல நாலா பக்கமும் வெட்டியது அல்ல. சரிவான நிலத்தில், தாழ்ந்த பக்கம் மட்டும் பிறை வடிவில் கரை கட்டியிருப்பார்கள். மேட்டுப் பக்கமான உள்வாய் திறந்தே இருக்கும். வரத்துக் கால்வாயில் வருவது ஒரு பங்கு. சரிவு முழுதும் பரவி வந்து சேர்வது இன்னொரு பங்கு. நடைபாதைக்காக உள்வாயில் கரை எழுப்பினால் இரண்டாவது பங்கு முழுதும் வெளியே நின்றுவிடும். எல்லையைக் காக்க, ஆக்கிரமிப்பைத் தடுக்க என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். எல்லைக் கல்லும் கம்பி வேலியும் அதே வேலையைச் செய்யும், தண்ணீரையும் மறிக்காது.

“அடியில் குழாய் போட்டிருக்கிறோமே” என்பார்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்து, அதில் 60 சதவீதம் ஓடி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு எட்டு கன மீட்டருக்கும் மேல். இரண்டு அடி விட்டமுள்ள சிமென்ட் குழாய், சமவெளிச் சரிவில் நிறைந்து ஓடினால் நொடிக்கு ஏறக்குறைய 0.3 கன மீட்டர்தான் கடத்தும். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட குழாய்கள் வேண்டிய இடத்தில் இரண்டைப் புதைத்திருப்பார்கள். அதிலும் ஒன்று பழைய தரைமட்டத்துக்கு அரை அடி மேலே இருக்கும்.

செய்ய வேண்டியது, உள்வாய்க் கரையைப் பல இடங்களில் பழைய தரைமட்டம்வரை வெட்டித் திறப்பதுதான். நடைபாதையும் வேண்டும் என்றால் அந்த இடங்களில் தரைப்பாலம் போடலாம். மழை நாளில் அதன் மேல் தண்ணீர் போகும், அன்றைக்கு யாரும் நடக்க வரப்போவதில்லை. எங்கே வெட்டுவது என்று தெரிய நிபுணரைத் தேட வேண்டாம். அடுத்த கனமழையில் கரைக்கு வெளியே தண்ணீர் நிற்கும் இடங்களைக் கைப்பேசியில் நாள், நேரத்தோடு படமெடுத்து வையுங்கள். நீர்வளத் துறைக்கு மனுவோடு கொடுக்க அதைவிட நல்ல சான்று கிடையாது.

பறவைத் தீவு இதில் பெரிய குற்றவாளி இல்லை. ஏரிக்குள் எடுத்த மண்ணிலேயே மேடு போட்டிருந்தால் கொள்ளளவு அதிகம் குறையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். ஏரியை ஆழப்படுத்துவதால் மட்டும் வெள்ளம் குறையாது. வெள்ளத்தைப் பிடிப்பது அன்றைய தேதியில் ஏரியில் காலியாக இருக்கும் இடம். 100 ஏக்கர் ஏரியில் ஓர் அடி காலியாக இருந்தால் 12 கோடி லிட்டருக்கு மேல் கொள்ளும். ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்யும் 10 செ.மீ. மழை முழுதும் அதற்குள் அடங்கிவிடும். அதே ஏரி நவம்பர் முடிவில் ததும்பி நின்றால், எவ்வளவு ஆழமாக வெட்டியிருந்தாலும் வருகிற தண்ணீர் அப்படியே கலங்கல் (மிகுதி நீர் வழிய விட்ட இடம்) வழியாகக் கீழே போகும். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அது நிறையும் நிலையில் இருந்தபோதுதான் பெருமழை பிடித்தது; நொடிக்கு 29,000 கன அடிவரை அடையாற்றில் விட நேர்ந்தது. குடிநீருக்கு ஏரி நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத்துக்குக் காலியாக இருக்க வேண்டும். இந்தச் சண்டையைத் தீர்க்க எந்தச் செடியும் உதவாது. எந்த மாதத்தில் எத்தனை அடி வைப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணைதான் வழி.

● எங்கள் ஊர் ஏரியை மீன் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். மீன் போகாமலிருக்கக் குத்தகைதாரர் கலங்கலில் வலை கட்டுகிறார். கேட்டால் “தண்ணீர்தான் போகிறதே” என்கிறார். அனுமதிக்கலாமா?
– ஊராட்சி உறுப்பினர், செங்கல்பட்டு மாவட்டம்

கூடாது. தெளிந்த தண்ணீர் வலைக்குள் போகும், சரிதான். வெள்ள நாளில் வருவது தெளிந்த தண்ணீர் அல்லவே. ஆகாயத்தாமரையும் வைக்கோலும் நெகிழிப் பையும் அரை மணி நேரத்தில் வலையைச் சுவராக்கிவிடும்.

20 மீட்டர் நீளக் கலங்கலின் மேல் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் நொடிக்கு ஏறக்குறைய 12 கன மீட்டர், அதாவது 420 கன அடி போகும். பாதி நீளம் அடைபட்டால், அதே அளவு வெளியேற நீர்மட்டம் 79 செ.மீ. வரை ஏறியாக வேண்டும். கூடுதலாக 29 செ.மீ. பல சிற்றேரிகளில் நீர்மட்டத்துக்கு மேலே கரைக்கு இருக்கும் மிகு உயரமே இரண்டு, மூன்று அடிதான். எருமை இறங்கிய தடத்தில் அதுவும் இருக்காது. தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் முதலில் கரையைத் தாண்டும். மண்கரையின் மேல் தண்ணீர் வழியத் தொடங்கினால் உடைவதற்கு அதிக நேரம் பிடிக்காது. உங்கள் ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழேயுள்ள ஏரிக்குப் போகும். சங்கிலித் தொடர் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைவது இப்படித்தான்.

மீனைக் காக்க வேண்டுமானால் கலங்கலிலிருந்து 15, 20 மீட்டர் உள்ளே தள்ளி, அகன்ற அரைவட்டமாக மூங்கில் தட்டி கட்டச் சொல்லுங்கள். கலங்கலின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது தட்டி இருக்கட்டும். மழை எச்சரிக்கை வந்தால் அவிழ்த்துவிட வேண்டும் என்று குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கலங்கலின் மேல் மணல் மூட்டை அடுக்கி ஓர் அடி கூடுதலாகத் தேக்கும் பழக்கமும் இதே ரகம்தான்.

● ஏரிக்கரையில் என்ன மரம் நடலாம்?
– கல்லூரி மாணவர், சிவகங்கை

பனை நடலாம், கரையின் வெளிப்புற அடிவாரத்தில். அதன் வேர்கள் பருக்காமல் கற்றைகற்றையாக இறங்கி மண்ணைப் பிடிக்கும். வேம்பு, அரசு, ஆல், புங்கம் இவற்றைக் கரைமேல் வைக்காதீர்கள். மரம் உயிரோடு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பட்டுப்போய் வேர் மக்கினால் கரைக்கு உள்ளே குழாய்போல வெற்றிடம் விழும்; நீர்மட்டம் உயரும்போது கசிவு அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். சாய்ந்த மரம் தன்னோடு ஒரு வண்டி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

கரைச் சரிவுக்குப் புல்தான் ஏற்றது. வெட்டிவேர் என்றால் இரண்டு மூன்று தூர்கள் உள்ள நாற்றை, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, 10–15 செ.மீ. இடைவெளியில், சம உயரத்தில் வரிசையாக நடுங்கள். வரிசைக்கும் வரிசைக்கும் ஒரு மீட்டர் உயர வித்தியாசம் போதும். இடைவெளி விட்டு அழகுக்கு நட்டால் தண்ணீர் இடையில் புகுந்து அரித்துவிடும். நிழலில் வெட்டிவேர் வளராது என்பதால், அதையும் மரத்தையும் ஒரே இடத்தில் வைப்பது பணத்துக்குக் கேடு.

ஒரு எச்சரிக்கை. வெள்ள நாளில் கரையின் வெளி அடிவாரத்தில் தெளிந்த நீர் கசிந்தால் கண்காணியுங்கள். கலங்கிய நீர் மண்ணைக் குமிழியிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தால் ஆபத்து. களிமண்ணைத் திணித்து அடைக்கப் போகாதீர்கள், பக்கத்தில் வேறு இடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரை மட்டும் உயரவிடுங்கள். மண் வருவது நின்று தெளிந்த நீர் வரும் உயரம் வந்ததும் அடுக்குவதை நிறுத்தலாம்.

● இங்கிலாந்தில் ஓடைகளில் மரக்கட்டைகளைப் போட்டே ஒரு ஊரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றினார்கள் என்று படித்தேன். கொல்லிமலை ஓடைகளில் செய்யலாமா?
– ஆசிரியர், நாமக்கல்

நீங்கள் படித்தது வட யார்க்ஷயரில் உள்ள பிக்கரிங் என்ற சிற்றூர். 1999, 2000, 2002, 2007 என்று அடுத்தடுத்து வெள்ளம். சுவர் எழுப்பினால் செலவு கட்டுப்படியாகாது என்று ஆனபின், 2009-ல் ‘ஓட்டத்தை மெதுவாக்கு’ என்ற முன்னோடித் திட்டம் தொடங்கியது. மேல்நிலத்து ஓடைகளில் 150-க்கும் மேற்பட்ட கட்டைத் தடுப்புகள், சதுப்புப் புதர்நில வாய்க்கால்களில் புதர்க்கட்டுத் தடுப்புகள், ஆற்றோரம் மரநடவு. இவற்றோடு, செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒன்றும் உண்டு: ஊருக்கு மேலே 1,20,000 கன மீட்டர் கொள்ளும் ஒரு தேக்கக் கரை. 2015 டிசம்பர் 26-ஐ ஒட்டிய மழையில் ஊர் தப்பியது. ஆய்வில், உச்ச ஓட்டம் 15 முதல் 20 சதவீதம் குறைந்தது என்றும், அதில் ஏறக்குறைய பாதி மேல்நிலத்துப் பணிகளால், மீதி தேக்கக் கரையால் என்றும் மதிப்பிட்டார்கள். அந்த மழை 36 மணி நேரத்தில் 50 மி.மீ. நம் மலைகளில் சில சமயம் ஒரே மணி நேரத்தில் அவ்வளவு பெய்துவிடும்.

அங்கே கட்டையைப் படுக்கைமேல் வைப்பதில்லை. அன்றாட நீரும் மீனும் அடியில் போக ஓர் அடி இடைவெளி விட்டு, ஓடையைவிட நீளமான கட்டையை இரு கரைகளிலும் பதிக்கிறார்கள். வெள்ளம் உயரும்போது மட்டும் அது மறிக்கும். நம் மலைகளில் கறையானும் ஈரமும் கட்டையைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். அறுத்துக்கொண்டு போகும் கட்டை கீழேயுள்ள சிறுபாலத்தின் வாயில் போய்ச் சிக்கினால், நீங்களே செய்துவைத்த வெள்ளம் அது. ஆகவே இங்கே கல்தான்.

சிமென்ட் இல்லாத கல் தடுப்பை மழை நாளில் மட்டும் ஓடும் சிற்றோடைகளில் வையுங்கள், பேராற்றில் வேண்டாம். உயரம் ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரு கரைகளுக்குள்ளும் அரை மீட்டர் குடைந்து கல்லைப் பதியுங்கள். மேல்புறம் ஒன்றுக்கு ஒன்று சரிவு, கீழ்ப்புறம் ஒன்றுக்கு மூன்று (ஒரு பங்கு உயரத்துக்கு மூன்று பங்கு நீளம்). பெரிய கற்கள் வெளிமுகத்தில் வர வேண்டும், சிறு கற்கள் உள்ளே. நடுப்பகுதி ஓரங்களைவிட ஓர் அடி தாழ்ந்திருக்கட்டும். இந்தத் தாழ்வை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மேலே மட்டமாக அடுக்கினால் பார்க்க அழகாயிருக்கும், முதல் மழையிலேயே தண்ணீர் ஓரத்து மண்ணை அறுத்துச் சுற்றிக்கொண்டு போய்விடும். தடுப்பு அப்படியே நிற்கும், ஓடைதான் இடம் மாறியிருக்கும்.

இடைவெளிக்கு ஒரு விதி: கீழ்த் தடுப்பின் தலையும் மேல்தடுப்பின் காலும் ஒரே மட்டத்தில். ஒரு மீட்டர் உயரத் தடுப்பு, 100-க்கு 5 சரிவு என்றால் 20 மீட்டருக்கு ஒன்று. மேலிருந்து கீழாகக் கட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று மழைக்காலத்தில் வண்டல் நிரம்பிவிடும். அதைத் தோல்வி என்று நினைத்து வாராதீர்கள், புல் போடுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூடப் புரட்ட முடியாது.

● நெதர்லாந்தில் ஆற்றுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்களாம். அடையாறு, கூவத்துக்கும் அப்படிக் கொடுத்தால் என்ன?
– வாசகி, சைதாப்பேட்டை

கொடுக்கலாம். யாருடைய நிலத்தை, என்ன ஈட்டுக்கு என்பதில்தான் சிக்கல். 1995-ல் ரைன் கிளையாறுகளின் கரை உடையும் என்று அஞ்சி அங்கே இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். அதன்பின் கரையை உயர்த்திக்கொண்டே போவதை விட்டுவிட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றை அகலப்படுத்தினார்கள். செலவு ஏறக்குறைய 230 கோடி யூரோ. நைமேகன் நகரத்துக்கு எதிரே கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி, ஒரு பக்கக் கால்வாய் வெட்டினார்கள். ஐம்பது வீடுகள் போயின. வெள்ள மட்டம் ஏறக்குறைய 35 செ.மீ. குறைந்தது. இவ்வளவு பாடுபட்டு ஓர் அடிதானா என்று தோன்றும். கரை ததும்பும் நாளில் அந்த ஓர் அடிதான் எல்லாம். ஓவர்டீப்ஸ தாழ்நிலத்தில் விவசாயிகளே முன்வந்து, மண்மேடுகள் எழுப்பி அவற்றின் மேல் பண்ணை வீடுகளைக் கட்டிக்கொள்கிறோம், வயலில் வெள்ளம் ஏறட்டும் என்று திட்டம் கொடுத்தார்கள்.

சென்னையில் கரையோரக் குடிசைகளை அகற்றி, மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பிழைப்பு நகரத்தில், வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். மழைக்கு அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. ஒரு வெள்ளப் பரப்பிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தால் அதற்குப் பெயர் ஆற்றுக்கு இடம் கொடுப்பது அல்ல. முதலில் தொட வேண்டியவை அடையாற்றின் மேல்பகுதியில், தாம்பரம், வண்டலூர்ப் பக்கத்தில் இன்னும் காலியாக இருக்கும் ஓரங்கள். அங்கே வீடு வந்துவிட்டால் பிறகு எந்த விலைக்கும் கிடைக்காது.

● எங்கள் இளைஞர் மன்றம் கடலோரத்தில் ஆயிரக்கணக்கில் அலையாத்திக் கன்றுகளை நட்டது. பத்தில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கன்று சரியில்லையா?
– மன்றச் செயலர், நாகை மாவட்டம்

கன்றைவிட இடத்தைச் சந்தேகியுங்கள். பிச்சாவரத்தில் இதற்கு விடை கிடைத்து நெடுநாளாகிறது. ஆங்கிலேயர் காலம் தொட்டு அங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டி வந்தார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து அமிழ்ந்து, தரை தொட்டிபோலக் குழிந்தது. உள்ளே வந்த ஓதநீர் (கடல் ஏற்றத்தோடு வரும் நீர்) வெளியேற முடியாமல் நின்று ஆவியாகி, உப்பு ஏறி, எந்தக் கன்றும் பிழைக்காத நிலை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் அங்கே வாய்க்கால் வெட்டி ஓதநீர் தினமும் வந்து போக வழி செய்தபின்தான் காடு திரும்பியது.

மீன்முள் வடிவம் என்பார்கள். இயற்கைக் கழியிலிருந்து ஒரு தலை வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் கிளை வாய்க்கால்கள். கன்றுகளை வாய்க்காலின் சரிவில், ஏற்றத்தில் நனைந்து இறக்கத்தில் காயும் உயரத்தில் நட வேண்டும். அடியில் வைத்தால் மூழ்கும், மேட்டில் வைத்தால் உப்பு கொல்லும். உப்பு மிகுந்த இடத்தில் முதலில் வெண்கண்டல். சுரபுன்னை கழியை ஒட்டிய சேற்றுக்கு. வாய்க்காலின் வாய் சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும் என்பதால், தூர் வாரும் பணத்தை நடவுப் பணத்தோடு சேர்த்தே ஒதுக்குங்கள். அடுத்த முறை கன்று வாங்கும் முன் ஒரு பௌர்ணமியன்றும் அதற்கு ஒரு வாரம் கழித்தும் அந்த இடத்தில் தண்ணீர் எதுவரை ஏறி இறங்குகிறது என்று குச்சி நட்டுப் பாருங்கள்.

● வன்னியில் குளங்களைப் புனரமைக்கும்போது குளக்கட்டையும் (கரையையும்) துருசையும் (மதகையும்) மட்டும் திருத்துகிறார்கள். அது போதுமா?
– வாசகர், வவுனியா

போதாது. இலங்கையின் வறள் வலயத்துத் தொடர்குளங்கள் தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் அல்ல. குளத்தின் மேல்புறத்தில் மரச்செறிவும், அதற்கு முன்னால் வண்டலை வடிகட்டும் புல்வெளியும் இருக்கும். கட்டுக்குக் கீழே, வயலுக்கு முன்னால் ஒரு ஈரக்காட்டுப் பட்டை; கசியும் நீரின் உப்பை அது பிடித்துக்கொள்ளும். சிங்களத்தில் இதைக் ‘கட்டகடுவ’ என்பார்கள். மேல்புறப் புல்வெளியை உழுதுவிட்டால் புனரமைத்த குளம் மறுபடியும் வேகமாகத் தூரும். கட்டகடுவவை வயலாக்கினால் முதல் வரிசை வயலில் உவர் தலைகாட்டும். தொடரில் உள்ள ஒரு குளத்தின் கட்டை மட்டும் உயர்த்துவதும் கூடாது: கீழ்க்குளத்துக்கு நீர் பிந்தும், மேல்வயல் மூழ்கும்.

● மழைத் தோட்டம், ஊறுகுழி எல்லாம் கொசுப்பண்ணை ஆகிவிடாதா?
– இல்லத்தரசி, மதுரை

முட்டையிலிருந்து கொசு பறக்க ஏழு முதல் பத்து நாள் வேண்டும். இரண்டு நாளில் வடியும் தோட்டத்தில் அதற்கு நேரமில்லை. சந்தேகப்பட வேண்டியது, மாடிக் குழாய்க்கும் உறைகிணற்றுக்கும் நடுவில் மூடிபோட்டுக் கட்டும் வண்டல் தொட்டியை. அதன் அடியில் ஓர் அடித் தண்ணீர் எப்போதும் நிற்கும். அடித்தளத்தில் இரண்டு மூன்று துளை போட்டு ஜல்லிமேல் உட்கார வையுங்கள். கம்பூசியா மீனை வாங்கி ஏரியிலோ சதுப்பிலோ விடாதீர்கள். கொசுப்புழுவோடு உள்ளூர் மீன்குஞ்சுகளையும் அது தின்றுவிடும்.

● புறநகரில் மனை பார்க்கிறோம். நீர்வழியில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– புதுமணத் தம்பதி, ஆவடி

பட்டாவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். புல எண்ணை வைத்து, நிலத்தின் வகையைக் குறித்துவைக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் நில அளவை வரைபடத்தையும் அரசின் இணையதளத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ எடுங்கள். உங்கள் எண்ணை மட்டும் அல்ல, சுற்றியுள்ள எல்லா எண்களையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய், கழுவெளி (சதுப்பு) என்று புறம்போக்கு குறித்திருந்தால், அது உங்கள் மனையை நோக்கி வந்து நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். வாய்க்கால் நடுவில் நிற்காது; நின்றால் மீதி எங்கேயோ மனையாகியிருக்கிறது. பிறகு கிராம வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். பழைய ஆண்டுகளின் படமும் செயற்கைக்கோள் படம் காட்டும் செயலிகளிலேயே கிடைக்கும்.

நேரில் போனால் பக்கத்து வீடுகளின் சுற்றுச்சுவரில் தண்ணீர் நின்ற கறை எத்தனை அடியில் இருக்கிறது என்று பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த சுவர் என்றால் மின்கம்பத்தைப் பாருங்கள், அதற்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை. மனையைவிடச் சாலை உயரம் என்றால் அடுத்தடுத்த தார்ப்பூச்சில் இன்னும் உயரும். விற்பவர் “மண் கொட்டி உயர்த்திவிடலாம்” என்று தானாகவே சொன்னால், அந்த மண் மூடப்போவது எந்த வாய்க்காலை என்று கேளுங்கள்.